சாந்த் மாரி தீவு: கடற்கொள்ளையருக்குக் கடை வைத்த இடம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கடற்கொள்ளையர் என்றதும் எல்லாருக்கும் கரீபியன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் 1690களில் பெரிய பணம் புரண்டது நம் பக்கத்துக் கடலில், இந்தியப் பெருங்கடலில். அந்தப் பணத்தை அடித்தவர்கள் வந்து மூச்சு வாங்கிய இடம் மடகாஸ்கருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஒல்லித் தீவு. அதைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளையும், என்னால் முடிந்த பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன்.

தீவு சரியாக எங்கே இருக்கிறது?

மடகாஸ்கரின் வடகிழக்குக் கரையை ஒட்டி. வடக்கு தெற்காகக் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் நீளம், அகலம் பத்தைத் தாண்டாது. பரப்பு 222 சதுர கிலோமீட்டர். முக்கிய ஊர் அம்போடிஃபோடாட்ரா, மேற்குக் கரையில் இருக்கிறது, அதாவது திறந்த கடலைப் பார்க்காமல் மடகாஸ்கரைப் பார்த்த பக்கம். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாந்த் மாரியா, நோசி போராஹாவா? எது சரியான பெயர்?

இரண்டும். முதலாவது ஐரோப்பியர் வைத்தது, மாதாவின் பெயர். ஆங்கிலேயர் செயின்ட் மேரிஸ் என்பார்கள். மலகாசி மொழியில் நோசி என்றால் தீவு. போராஹா என்பது யார் என்பதில்தான் சண்டை: கடலில் சிக்கிய ஒரு மீனவரைத் திமிங்கிலம் கரை சேர்த்தது, அவர் பெயர்தான் போராஹா என்று ஒரு கதை, இல்லை, அது இப்ராஹிம் (அதாவது ஆபிரகாம்) என்பதன் திரிபு என்று இன்னொரு பக்கம். 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்தத் தீவு மக்கள் தங்களை ஆபிரகாமின் வழி வந்தவர்களாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். எனக்குத் திமிங்கிலக் கதைதான் பிடிக்கும், அந்தக் கடலைப் பார்த்தால் அது ஒன்றும் அவ்வளவு நம்ப முடியாததாகத் தெரியாது.

இவ்வளவு தீவுகள் இருக்க, கொள்ளையர்கள் ஏன் இதைப் பிடித்தார்கள்?

முதல் காரணம் கப்பலின் அடிப்பாகம். வெப்பக் கடலில் ஓடும் மரக்கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொள்ளும், புழு மரத்தைத் துளைக்கும், வேகம் பாதியாகிவிடும். கொள்ளைக்காரனுக்கு வேகம் போனால் பிழைப்பே போச்சு. ஆகவே அவ்வப்போது கப்பலை ஆழமில்லாத கரையில் ஏற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து, சுரண்டி, தீயால் வாட்டி, கீல் பூசியாக வேண்டும். இதற்குப் பல நாள் ஆகும், அந்த நேரத்தில் பீரங்கிகள் எல்லாம் கரையில் இறங்கியிருக்கும், எவன் வந்தாலும் தொலைந்தோம். அதனால் அலையும் காற்றும் இல்லாத, வாய் குறுகலான, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாத ஒரு குடா வேண்டும். அம்போடிஃபோடாட்ராவை ஒட்டிய குடா அப்படிப்பட்டது: மேற்குப் பக்கம் என்பதால் பெருங்கடலின் அலை வராது, வாயில் ஒரு குட்டித் தீவு காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, உள்ளே இன்னொரு குட்டித் தீவு. அந்தக் குடாவுக்கு இன்றைக்கும் பிரெஞ்சில் கொள்ளையர் குடா என்றுதான் பெயர்.

அப்புறம் வழி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்கும் செங்கடலுக்கும் போகிறவர்களுக்கு மடகாஸ்கர் பாதி வழிச் சத்திரம். பருவக்காற்று திரும்பும் வரை எங்காவது காத்திருக்க வேண்டும், இங்கே மாடு, அரிசி, நல்ல தண்ணீர், எலுமிச்சை எல்லாம் கிடைக்கும். தட்டிக் கேட்க அப்போது எந்த ஐரோப்பிய அரசும் அங்கே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரின் தெற்கே போட்டிருந்த குடியேற்றம் 1674இலேயே அழிந்துவிட்டது.

"கடை" என்று தலைப்பில் சொல்கிறீர்களே, யார் வைத்தது?

ஆடம் பால்ட்ரிட்ஜ். ஜமைக்காவில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவன் என்று சொல்வார்கள். 1690 ஜூலையில் ஃபார்ச்சூன் என்ற கப்பலில் வந்து சேர்ந்தான், அடுத்த ஜனவரியில் கப்பலை விட்டு இறங்கித் தீவிலேயே தங்கிவிட்டான். உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து அவர்களுடைய எதிரிகள் மீது சண்டைக்குப் போனான், எதிரிகளிடம் சிறைப்பட்டிருந்த அவர்களுடைய பெண்டு பிள்ளைகளை மீட்டுக் கொடுத்தான், அதில் மதிப்பு வந்தது. இதெல்லாம் 1699இல் நியூயார்க்கில் அவனே கொடுத்த வாக்குமூலம், ஆகவே அப்படியே முழுசாக நம்பிவிட முடியாது.

அவன் புத்திசாலித்தனம் எங்கே என்றால், தானே கொள்ளைக்குப் போகவில்லை. கொள்ளையடித்தவன் கையில் வெள்ளியும் பட்டும் இருக்கும், காலில் செருப்பு இருக்காது. அந்தச் செருப்பை விற்றான். சரக்கு அனுப்பியவர் ஃபிரெடெரிக் ஃபிலிப்ஸ், நியூயார்க்கின் மிகப் பெரிய பணக்கார வணிகர்களில் ஒருவர், ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் இருந்தவர். ஊரில் பெரிய மனுஷன், அனுப்புவது கொள்ளையருக்குச் சாமான்.

என்னென்ன சாமான் வந்தது?

இந்தப் பட்டியலுக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். 1693 ஆகஸ்டில் ஃபிலிப்ஸ் அனுப்பிய சார்ல்ஸ் என்ற கப்பல் வந்தது. பால்ட்ரிட்ஜ் தன் வாக்குமூலத்தில் சரக்கை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். 44 ஜோடி காலணி. ஆறு டஜன் காலுறை. புள்ளி போட்ட சட்டையும் கால்சட்டையும் மூன்று டஜன். 12 தொப்பி. தச்சு வேலைக் கருவிகள், ரம்பங்கள், சாணைக் கல் இரண்டு. ரம் ஐந்து பீப்பாய், அது போக மதேரா ஒயின், சாராயப் பெட்டிகள். சாராயம் காய்ச்சும் பழைய பாத்திரம் இரண்டு, அதில் ஓட்டை என்று அவனே குறைப்பட்டுக்கொள்கிறான். பீரங்கி மருந்து மூன்று பீப்பாய். தோட்ட விதை கொஞ்சம், மண்வெட்டி மூன்று டஜன். இதோடு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அரிச்சுவடிகள், ஞானோபதேசப் புத்தகங்கள், இரண்டு பைபிள்.

பீரங்கி மருந்துக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் அரிச்சுவடியும் பைபிளும். யாருக்கு என்று யோசித்துப் பார்த்தேன். பதில் பட்டியலில் இல்லை.

இதற்கு மாற்றாக பால்ட்ரிட்ஜ் அனுப்பியது: 1100 ஸ்பானிய வெள்ளி, 34 அடிமைகள், 15 மாடுகள், 57 இரும்புப் பாளங்கள். வெள்ளிக்கும் மாட்டுக்கும் நடுவே மனிதர்கள், அதே வரியில், அதே குரலில். 1695இல் ஃபிலிப்ஸ் அவனுக்கு எழுதிய கடிதத்தில் ஒளிவு மறைவே இல்லை: தன் முக்கிய லாபம் அடிமைகளில்தான், மற்ற வியாபாரமெல்லாம் கூடுதலாக வருவது என்கிறார். கொள்ளையர் தீவு என்று நாம் ரசித்துப் பேசும் இடத்தின் கணக்குப் புத்தகம் இது.

விலை எப்படி?

கொள்ளை விலைதான், வேறென்ன. நியூயார்க்கில் கேலன் இரண்டு ஷில்லிங்குக்கு வாங்கிய ரம் மடகாஸ்கரில் 50, 60 ஷில்லிங்குக்குப் போனது; 19 பவுண்டுக்கு வாங்கிய ஒரு பெரிய பீப்பாய் மதேரா 300 பவுண்டு. இது நியூயார்க் ஆளுநர் பெல்லமாண்ட் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் வரும் கணக்கு. உயிரைப் பணயம் வைத்துக் கொள்ளையடித்தவனை உட்கார்ந்த இடத்திலேயே உரித்திருக்கிறார்கள்.

கொள்ளை போனது யார் சொத்து?

பெரும்பாலும் இந்திய வணிகர் சொத்து. சூரத்திலிருந்து செங்கடல் துறைமுகங்களான மோக்காவுக்கும் ஜித்தாவுக்கும் துணி ஏற்றிக்கொண்டு போய், வெள்ளியும் பொன்னுமாகத் திரும்பும் கப்பல்கள், கூடவே ஹஜ் பயணிகள். 1693இல் அமெரிக்காவின் ரோட் தீவைச் சேர்ந்த தாமஸ் டியூ செங்கடல் வாயில் அப்படி ஒரு கப்பலைப் பிடித்தான், கப்பலில் ஏராளமான வீரர்கள் இருந்தும் பெரிய எதிர்ப்பு இல்லை. அக்டோபரில் சாந்த் மாரிக்கு வந்து கப்பலைச் சுரண்டினான். ஆளுக்கு 1200 பவுண்டு பங்கு விழுந்தது என்கிறான் பால்ட்ரிட்ஜ். அன்றைய மாலுமி ஒருவன் ஆயுள் முழுக்க உழைத்தாலும் பார்க்காத பணம். செய்தி அமெரிக்கத் துறைமுகங்களில் பரவியதும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். டியூவும் இரண்டாவது முறை வந்தான், 1695இல் செங்கடல் பக்கத்துச் சண்டையிலேயே செத்தான். அதே வருஷம் செப்டம்பரில்தான் ஹென்றி எவ்ரி ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாயைப் பிடித்தது. கப்பலில் இருந்த பயணிகளுக்கும் பெண்களுக்கும் நடந்த கொடுமை சாதாரணமானதல்ல. அந்தக் கோபத்தில் சூரத்தில் இருந்த ஆங்கிலக் கம்பெனிக்காரர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

எவ்ரியைச் சாந்த் மாரியின் ராஜா என்று எழுதுகிறவர்கள் உண்டு. கப்பலைப் பிடித்த பிறகு அவன் நேரே போனது மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவுக்கு, அங்கிருந்து பஹாமாஸ்.

கேப்டன் கிட் இங்கே வந்தது உண்மையா?

உண்மை, அதுவும் சினிமாவை விட நன்றாக இருக்கும்.

வில்லியம் கிட் கொள்ளையரைப் பிடிக்க அரசர் மூன்றாம் வில்லியமின் ஆணையோடு வந்தவர். ஒன்றும் சிக்கவில்லை, ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் 1698 ஜனவரி 30 அன்று, கொச்சிக்கு அருகே, குவேதா மெர்ச்சன்ட் என்ற கப்பலை மடக்கினார். ஆர்மீனிய வணிகர்கள் அமர்த்திய கப்பல். பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின், வெடியுப்பு என்று முழுச் சுமை. அதனிடம் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது, பிரான்ஸ் எதிரி நாடு, ஆகவே சட்டப்படி சரி என்பது கிட்டின் வாதம்.

அவருடைய சொந்தக் கப்பலான அட்வென்ச்சர் காலியோ ஒழுகிக்கொண்டிருந்தது. பலகைகள் பிரியாமல் இருக்க உடலைச் சுற்றி வடம் கட்டி, ஆட்களை மாற்றி மாற்றி நீர் இறைக்கவைத்துத்தான் 1698 ஏப்ரலில் சாந்த் மாரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். குடாவுக்குள் வந்தால் அங்கே நிற்பது ராபர்ட் கல்லிஃபோர்டின் மோக்கா ஃப்ரிகேட். எட்டு வருஷத்துக்கு முன்னால் கரீபியனில் கிட்டின் கப்பலைத் திருடிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவன் இதே கல்லிஃபோர்ட்! கொள்ளையரைப் பிடிக்க வந்தவர், பழைய எதிரி, கண்ணெதிரே கொள்ளையர் கப்பல்.

அப்புறம் என்ன ஆனது என்பதில் இரண்டு கதை. கிட் சொன்னது: தாக்கச் சொன்னேன், ஆட்கள் மறுத்தார்கள், அவனைச் சுடுவதை விட உங்களைச் சுடுவோம் என்றார்கள். விசாரணையில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் சொன்னது: கல்லிஃபோர்டோடு உட்கார்ந்து பாம்பூ குடித்தார் (எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர் கலந்த ஒரு பானம்), உனக்கு ஒரு கெடுதலும் செய்ய மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. எப்படியோ, கிட்டத்தட்ட நூறு பேர் கிட்டை விட்டுக் கல்லிஃபோர்டிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒழுகிய கப்பல் அங்கேயே முடிந்தது, கிட் நவம்பர் வாக்கில் குவேதா மெர்ச்சன்ட்டில் கிளம்பினார். 1701 மே 23 அன்று லண்டனில் தூக்கு. முதல் முறை கயிறு அறுந்து விழ, மறுபடி ஏற்றினார்கள். அவர் கடைசி வரை கேட்டும் நீதிமன்றத்துக்கு வராத அந்த பிரெஞ்சுச் சீட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் லண்டன் ஆவணக் காப்பகத்திலேயே கிடைத்தன.

தீவு மக்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களா?

இல்லை. 1697 ஜூலையில் எழுந்தார்கள். தீவிலும் எதிர்க்கரையிலும் இருந்த சுமார் முப்பது கொள்ளையரைக் கொன்று, பால்ட்ரிட்ஜின் இடத்தையும் அழித்தார்கள். அவன் அப்போது கப்பலில் வெளியே போயிருந்தான், செய்தி கேட்டு அப்படியே நியூயார்க்குக்குத் திரும்பிவிட்டான். கொள்ளையர்கள் அவர்களுடைய மாடுகளைத் திருடியதால் வந்த வினை என்பது அவன் சொன்ன காரணம். கிட் சொன்னது வேறு: ஆண், பெண், குழந்தை என்று பலரை நயமாகப் பேசிக் கப்பலில் ஏற்றி, பிரெஞ்சுத் தீவான மஸ்கரேனில் (இன்றைய ரீயூனியன்) அடிமைகளாக விற்றவனே பால்ட்ரிட்ஜ்தான். அந்தக் கணக்குப் பட்டியலைப் படித்தவனுக்கு யாரை நம்புவது என்று ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. ஆனாலும் கடை மூடவில்லை, எட்வர்ட் வெல்ச் என்பவன் எடுத்து நடத்தினான்.

கொள்ளையர்களின் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்ட கொள்ளையர்களின் பிள்ளைகளை ஸனமலாத்தா என்பார்கள், கலப்பில் பிறந்தவர்கள் என்று அர்த்தம். அவர்களில் பெரிய பெயர் ரட்சிமிலாஹோ: தாய் ரஹேனா என்ற மலகாசிப் பெண், தகப்பன் டாம் என்ற ஆங்கிலக் கொள்ளையன். அந்த டாம் யார், தாமஸ் டியூவா, தாமஸ் ஒயிட்டா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 1712ஐ ஒட்டி, சிதறிக் கிடந்த கிழக்குக் கரைக் குலங்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு உண்டாக்கினார். அவர்களுக்கு வைத்த பெயர் பெட்சிமிசராகா, பிரிக்க முடியாத பலர். இன்று மடகாஸ்கரின் இரண்டாவது பெரிய இனம் அது.

அவர் மகள் பெட்டி 1750இல் சாந்த் மாரியை பிரெஞ்சுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டே வருஷத்தில் தீவு மக்கள் அந்தக் கம்பெனி ஆட்களைக் கொன்றார்கள். பெட்டி மொரீஷியஸுக்குப் போக வேண்டியதாயிற்று, 1805இல் அங்கேதான் இறந்தார். பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வந்து நிலைத்தது 1820களை ஒட்டி.

லிபர்டாலியா என்ற கொள்ளையர் குடியரசு இங்கேதானே இருந்தது?

எங்கேயும் இருந்ததில்லை. 1728இல் லண்டனில் வெளிவந்த ஒரு நூலில் மட்டும் இருக்கிறது. அழகான கற்பனை, எல்லாரும் சமம், அடிமை கிடையாது. 34 அடிமைகள் விற்ற கடையை ஞாபகம் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

கொள்ளையர் கல்லறை உண்மையானதா?

குடாவைப் பார்த்த ஒரு மேட்டில், தென்னைக்கும் புல்லுக்கும் நடுவே, கறுத்துப்போன கற்கள். இடம் அருமை. எல்லாரும் போட்டோ எடுப்பது மண்டையோடும் குறுக்கு எலும்பும் செதுக்கிய ஒரு கல்லை. அதன் கீழே இருப்பவர் ஜோசஃப் பியர் லெ ஷார்த்தியே, நார்மண்டிக்காரர், இறந்தது 1834. அதாவது கடைசிக் கொள்ளையன் போய் நூறு வருஷத்துக்குப் பிறகு. மண்டையோடு அந்தக் காலக் கிறிஸ்தவக் கல்லறைகளில் சாவைக் குறிக்கப் போடும் சாதாரணச் சின்னம்தான். அங்கே எழுத்தோடு நிற்கும் கற்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்றக்காரர்களுடையவை. அதற்கு அடியில் பழைய ஆட்கள் யாரும் இல்லை என்று சொல்லவில்லை, அவர்களுக்குக் கல் நடவில்லை.

ரீயூனியனிலும் இதே கதை. 1730 ஜூலை 7 அன்று அங்கே தூக்கிலிடப்பட்ட கொள்ளையன் ஒலிவியே லெவாசரின் கல்லறை என்று சாங் போல் ஊரில் ஒன்றைக் காட்டி, ரம் பாட்டில் வைத்துக் கும்பிடுகிறவர்கள்கூட உண்டு. அந்த இடுகாடு திறந்ததே 1788இல்.

புதையல்?

2015இல் 50 கிலோ எடையுள்ள ஒரு பாளம் குடாவிலிருந்து எடுக்கப்பட்டது, கேப்டன் கிட்டின் வெள்ளி என்று உலகம் பூராவும் செய்தி. யுனெஸ்கோ நிபுணர்கள் போய்ப் பார்த்தார்கள்: 95 சதவீதம் ஈயம். கப்பல் என்று காட்டப்பட்டதும் கப்பல் இல்லை, பழைய துறைமுகக் கட்டுமானத்தின் உடைந்த பகுதி.

அதற்காகக் குடாவில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். பழுதான கப்பல்களை அங்கேயே எரித்தும் மூழ்கடித்தும் விட்டார்கள், இப்போது எல்லாம் வண்டலுக்கு அடியில். 2025இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, அவற்றில் ஒன்று நோசா சென்ஹோரா தோ காபோ என்று அறிவித்தது. கோவாவிலிருந்து லிஸ்பன் போன போர்ச்சுகீசியக் கப்பல். பதவி முடிந்த வைஸ்ராய் அதில் இருந்தார். புயலில் பாய்மரம் இழந்து ரீயூனியனில் நின்றபோது, 1721 ஏப்ரலில், லெவாசரும் ஜான் டெய்லரும் பிடித்துக்கொண்டார்கள். பொன் எழுத்து பதித்த தந்தப் பலகை ஒன்றும், 3300 பொருட்களும் கிடைத்திருக்கின்றன என்கிறார்கள். ஈயப் பாளத்தின் அனுபவம் இருப்பதால் மற்ற ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நம்பலாம் என்றிருக்கிறேன்.

எப்படி முடிந்தது?

கொஞ்சம் கொஞ்சமாக. 1699இல் ஆங்கிலக் கடற்படையின் தாமஸ் வாரன் நான்கு போர்க்கப்பல்களோடு வந்து மன்னிப்புக் கடிதம் நீட்டினார், கல்லிஃபோர்ட் உட்படப் பலர் வாங்கிக்கொண்டார்கள். நியூயார்க்கில் கெடுபிடி அதிகமானதும் சரக்கு வரத்து நின்றது, ஃபிலிப்ஸின் ஆலோசனைக் குழுப் பதவியும் போனது. 1720ஐ ஒட்டி இன்னொரு அலை வந்து அதுவும் அடங்கியது. அதில் கான்டென்ட் என்றவன் பம்பாய் அருகே ஒரு பெரிய கப்பலைப் பிடித்து, ரீயூனியனில் பிரெஞ்சு மன்னிப்பு வாங்கி, கடைசியில் பிரான்சின் சாங் மாலோவில் வியாபாரியாகக் காலம் தள்ளினான். கடை வைப்பதுதான் லாபம் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை திமிங்கிலம். அண்டார்டிக் பக்கமிருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தீவுக்கும் மடகாஸ்கருக்கும் இடையே இருக்கும் அமைதியான கால்வாய்க்குக் குட்டி போட வருகின்றன, கொள்ளையர் தேடிய அதே அலையில்லாத தண்ணீர்தான் அவற்றுக்கும் வேண்டியிருக்கிறது. ஊரில் 1857இல் கட்டிய மாதா கோயில், மடகாஸ்கரின் பழைய கத்தோலிக்கக் கோயில். கிராம்பு காயும் காலமாக இருந்தால் பாதையோரம் பாயில் பரப்பியிருப்பார்கள், வாசனை முன்னாலேயே வந்துவிடும். தெற்கு முனைக்கு அப்பால் இருக்கும் குட்டித் தீவு நோசி நாட்டோவுக்குத் தோணியில் போகலாம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், அப்போது வேண்டாம்.

கல்லறைக்குப் போகிற வழி தண்ணீர் வற்றும்போது மட்டும்தான் நடக்கிற மாதிரி இருக்கும். நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். மேலே போட்டோ எடுத்துக்கொண்டே நின்றுவிட்டால் தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் தோணிக்காரர் கேட்கிற காசைக் கொடுத்துத்தான் திரும்ப வேண்டும்.